பாட்டிலில் இருந்த சிலந்தி

"இத்தினி பெரிய சிலந்திக்கு ஒரு பேரு இல்லாமலா இருக்கும், பாய்?"

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பேர். தோல் பதனிடும் இடத்தில் வேலை என்று பேச்சிலேயே தெரிந்தது. கேட்ட மேஸ்திரியின் மடியில் ஊறுகாய் பாட்டில். அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு, மயிரடர்ந்த சிலந்தி ஒன்று அசையாமல் கிடந்தது.

"மலைச் சிலந்திதான் பாய். ஏலகிரில பாத்திருக்கேன்."

"அது கருப்பு, மேஸ்திரி. இது செம்பட்டை. தோலு ஊறப்போட கப்பல்ல வந்த மரப்பட்டை மூட்டைல இருந்துச்சு. வெளிநாட்டுது."

"அப்டி சொன்னா பொம்பளைங்க நாளைக்கு குடோன் பக்கமே வரமாட்டாங்க. வேலூர் காலேஜ் வாத்தியார்கிட்ட காட்டுவோம், அவரே பேரு சொல்லட்டும். விஷமா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

"கொடு இப்படி."

தோலைத் தடவியே தரம் பிரிப்பவராம் பாய். பாட்டிலைக் கைக்குட்டையில் கவிழ்த்து, சிலந்தியை விரலால் தொட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் கால்களைச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டேன்.

"மேஸ்திரி, இது கனமே இல்ல. முதுகு பொளந்திருக்கு. உள்ள காலி."

"அப்டின்னா?"

"இது வெறும் தோலு. உரிச்சுப் போட்டுட்டு, பூச்சி உசுரோட குடோன்லியே எங்கியோ இருக்குது."

மேஸ்திரி ஆம்பூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"செத்துப்போச்சு, பயப்படாதீங்கன்னு நான்தானே பாய் மூட்டை பிரிக்க எல்லாரையும் உள்ள அனுப்பிட்டு வந்தேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் போகல. சொன்னதும் மொதல்ல போனது என் வீட்டுக்காரி."