ஊசி எங்கே நின்றது

உங்கள் ஸ்டேஷன் ஜீப்புக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறார்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. காலையில் என்னை ஏற்றிவந்தபோதே பார்த்தேன். ரேடியேட்டருக்கு அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உள்ளே போனால் ஆறே மாதத்தில் குழாயெல்லாம் சுண்ணாம்பு அடைத்துவிடும். டிரைவரிடம் சொல்லி நன்றாகக் கழுவிவிட்டுக் கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மலைப்பாதையில் நட்டநடுவில் நின்றுவிடும்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். சிரமம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். என் பெயர் தம்பிதுரை. வயது அறுபத்திரண்டு. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, கோயமுத்தூர் கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை. என் மனைவி ராசாத்தாளின் கூடப்பிறந்த தம்பி செங்கோடனுக்கு இரண்டு கண்ணும் எப்படிப் போனது என்பது உங்கள் கேள்வி. விபத்து என்று ஏப்ரல் மாதம் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் சில விவரங்களை விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என்னிடம் ஐம்பத்தேழாம் வருடத்து லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று இருக்கிறது. நானும் செங்கோடனும் இருபத்தாறு வருடம் முன்னால் ஒரு மில்லின் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கிடந்ததை இழுத்து வந்து உயிர் கொடுத்தோம். அந்த வண்டிக்கு எப்போதும் உடம்பில் சூடு ஜாஸ்தி. மேட்டில் ஏறினால் கொதித்துவிடும். அதற்காகவே நான் ஒரு ரேடியேட்டர் செய்தேன். பித்தளைத் தொட்டி, செம்புக் குழாய், ஒவ்வொரு இணைப்பும் என் கையால் ஈயம் பற்றவைத்தது. பத்தொன்பது நாள் ஆனது. வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி, புளித்தண்ணீர் விட்டுக் கழுவி, ஒழுகுகிற இடத்தில் மறுபடி ஈயம் வைப்பேன். ராசாத்தாளிடம் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஆரம்பத்தில் ஒருநாள், பானட்டைத் தொட்டுப் பார்த்து, சுடுவது வெயிலால்தான் என்று நினைத்து, செங்கோடன் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான். முழங்கை வரை வெந்துபோயிற்று. அன்றைக்கே நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வெயிலில் நிற்கிற வண்டியில் பானட் எப்போதும்தான் சுடும், ஆகவே கையை நம்பாதே, ஊசியை நம்பு. சூடு காட்டுகிற அந்த மீட்டர் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கீழே இருக்கிறது. ஓட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நான் ஸீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவன் பானட்டைத் தூக்கி, மூடிமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு கேட்பான்.

“ஊசி எங்கீங்க மாமா நிக்குது?”

“எறங்கிருச்சு. தொற மாப்ள.”

நான் சொல்லாமல் அவன் திறந்ததில்லை. நான் சொல்லி அவன் தயங்கியதும் இல்லை. இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடியது. இதைத் தயவுசெய்து அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன வருடம் வால்பாறை ஏறும்போது வழக்கம்போல வண்டி கொதித்தது. உச்சி வெயில். தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற இடத்தில் எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. செங்கோடன் என்னைத் தூக்கிப் பின் ஸீட்டில் போட்டு, கொதித்த வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு இறங்கினான். அது ஓர் எச்சரிக்கை என்று டாக்டர் சொன்னார். ஜனவரியில் மறுபடி வலி வந்து, ஸ்டென்ட் வைத்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெயிலில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஷெட்டுக்குப் போய் பானட்டைத் தூக்கினேன். என் ரேடியேட்டர் இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஓர் அலுமினிய ரேடியேட்டர். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றிய காற்றாடியையும் கழற்றிவிட்டு, தானாகச் சுற்றுகிற கரண்ட் ஃபேன் வைத்திருந்தது. ஓரத்தில் அதை ஓட்டுவதற்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே தண்ணீருக்குப் பதில் பச்சைக் கூலன்ட். என் மீட்டரையும் அதன் ஊசியையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது, அம்மா. வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தபோது வராத அழுகை.

செங்கோடனைக் கூப்பிட்டேன். குரலை உயர்த்தவில்லை.

“யாரக் கேட்டு மாப்ள இதச் செஞ்ச?”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். “கேட்டா நீங்க உடமாட்டீங்கன்னுதான் மாமா கேக்காமச் செஞ்சுபோட்டேன். கோவிச்சுக்காதீங்க. இனி வண்டி கொதிக்காதுங்க. நீங்க பாட்டுக்கு ஏறிப் போலாமுங்க. வெயில்ல எறங்கி நிக்கற வேலையே இல்லீங்க.”

ராசாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். “நாந்தானுங்க உங்ககிட்டச் சொல்ல வேண்டாமுன்னேன். வண்டிய உடுங்கன்னா உடுவீங்களா? மாட்டீங்க. வண்டியாச்சும் உங்களக் கொல்லாம இருக்கட்டும்னுதான்.”

செங்கோடனின் மகள் பிரத்யுஷா, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், அந்தக் கறுப்புப் பெட்டியைத் தேடி வாங்கியவளே அவள்தானாம். ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, வார்டுக்கு வெளியே நின்று இவர்கள் ரேடியேட்டர் அளவு பேசியிருக்கிறார்கள். பழையதைப் போர்வையில் சுற்றிப் பரண்மேல் பத்திரமாக வைத்திருப்பதாகச் செங்கோடன் சொன்னான். பிணத்தையும் துணியில்தான் சுற்றி வைப்பார்கள்.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஊரான் ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இவன் என் கைவேலையின் அருமை தெரிந்தவன். பத்தொன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஈயக்கம்பி எடுத்துக் கொடுத்தவன். அவன் கையாலேயே அதைக் கழற்றியிருக்கிறான். எனக்காகச் செய்தானாம். துரோகம் செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிப்ரவரியில் பழைய கார்க்காரர்கள் கூடுகிற நிகழ்ச்சிக்குப் போனோம். உடுமலையிலிருந்து வந்திருந்த அபிலாஷ் என்கிற இளைஞர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “சூப்பருங்க, இப்பத்தானுங்க இது வண்டி” என்று செங்கோடனின் கையைக் குலுக்கினார். என் கையை யாரும் குலுக்கவில்லை. செங்கோடன் மட்டும், “எல்லாம் மாமா கத்துக்குடுத்ததுங்க” என்றான். அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் நான் அவகாசம் கொடுத்தேன். அவனாக வந்து, “மாமா, பழசையே மாட்டிரலாமுங்க” என்று சொல்வான் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு அது பிச்சையா? பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. அவன் வருவான், வண்டியைத் துடைப்பான், மாத்திரை போட்டீங்களா மாமா என்று கேட்பான், போய்விடுவான்.

அந்த இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. புதுச் சாமான் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் குறை சொல்வது தப்பு. கூடவே வந்த புத்தகத்தைப் படித்தேன். கூலன்ட் அளவு பார்த்தேன். அலுமினியத் தகடுகளில் சிக்கிய பூச்சியைப் பல்துலக்கும் பிரஷ் வைத்து எடுத்தேன். மனசு மாறிவிட்டேன் என்று ராசாத்தாள் சந்தோஷப்பட்டு ஒருநாள் இனிப்பாக ஒப்புட்டுகூடச் சுட்டாள். மூடியில்தான் பெரிய வித்தியாசம் என்று தெரிந்துகொண்டேன். பழைய மூடி நாலு பவுண்டு அழுத்தம்தான் தாங்கும். புது மூடி பதின்மூன்று. சூடான நேரத்தில் பழையதைத் திறந்தால் கை வேகும். புதியதைத் திறந்தால் கையோடு நிற்காது. அந்த மூடியை வாங்கியவன் செங்கோடன், நானில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் பதினாலு வருடப்பிறப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்குக் கிளம்பினோம். நான் கூப்பிட்டேன். அவன் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு வந்தான். ஆழியாறில் நிறுத்தி, “இளநி வாங்கிட்டு வா மாப்ள” என்றேன். அவன் ரோட்டைத் தாண்டிப் போனதும் பானட்டைத் தூக்கி, ஃபேனுக்குப் போகும் வயரை மட்டும் இழுத்துவிட்டேன். ஒரு கொக்கிதான். திருப்புளிகூட வேண்டியதில்லை. அவன் எனக்கு வழுக்கையாகப் பார்த்து வெட்டி வாங்கி வந்தான். இருவரும் குடித்தோம்.

ஐந்தாவது வளைவில் ஊசி ஏற ஆரம்பித்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வரையாடு நிற்கிறதா என்று மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்பதாவது வளைவில் ஊசி கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் சத்தம் சரியில்லை, தண்ணி பாரு என்றேன்.

“நீங்க எறங்காதீங்க மாமா, வெயிலு” என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். பானட்டைத் தூக்கினான். சாக்கைப் போட்டுக்கொண்டு கேட்டான்.

“ஊசி எங்கீங்க மாமா நிக்குது?”

“எறங்கிருச்சு. தொற மாப்ள.”

அவன் கொஞ்சம் தயங்கினான். “மேல ரொம்பச் சூடாட்டம் இருக்குதுங்களே?”

“பானட்டு வெயில்ல காஞ்சது. ஊசி பாதிக்குக் கீழ நிக்குது.”

“அப்பச் சரீங்க,” என்றான். குனிந்து திறந்தான்.

இரண்டு முறை கேட்டான் என்பதையும், இரண்டு முறையும் நான் பதில் சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். நான் இறங்கிப் போனேன். அவன் ரோட்டில் உருண்டுகொண்டு, “மாமா, மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் முதலில் ஃபேன் வயரை மாட்டினேன். கழற்றியதை மாட்டாமல் நான் எந்த வேலையையும் விட்டு எழுந்ததில்லை. அதற்குப் பிறகுதான் அவன் மேல் தண்ணீர் ஊற்றினேன். மேலிருந்து இறங்கி வந்த ஒரு காரைக் கைகாட்டி நிறுத்தினேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கறுப்புப் பெட்டி. நிமிடத்துக்கு ஒரு தரம் சூட்டையும் ஃபேன் ஓடுவதையும் அது தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளுமாம். புத்தகத்தில் அது இருந்திருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில். நான் கண்ணாடி மாற்ற வேண்டும். போன வாரம் பிரத்யுஷா அந்தக் கணக்கைக் காகிதத்தில் கோடாகப் போட்டு எடுத்து வந்தாள். இருபத்தாறு நிமிடம் ஃபேன் ஓடவில்லை. அவள் அப்பா முகத்தில் கொதிநீர் அடித்த மறுநிமிடம் ஓட ஆரம்பித்திருக்கிறது. அவள் அழவில்லை. என் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

“அப்பா தொறக்கறப்ப ஊசி எங்கீங்க மாமா நின்னுது?”

அதே கேள்வி. ஒரு கேள்விக்கு மூன்றாவது முறை பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“கடைசிக் கோட்டுல கண்ணு,” என்றேன்.

ராசாத்தாள் அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. வண்டி ஷெட்டில் இருக்கிறது. பழைய ரேடியேட்டரைப் பரணிலிருந்து இறக்கி நானே மாட்டிவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த மூன்றாம் நாள் கண் ஆஸ்பத்திரியில் அவனைப் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. வாய் மட்டும் தெரிந்தது. நான் வந்து உட்கார்ந்ததை நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டான். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, மீட்டரு பழசுங்க. ஊசி எங்கியோ மாட்டியிருக்கும். நீங்க அத மனசுல வெச்சுக்காதீங்க. போலீஸ்லயும் எம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “என்னையத் தூக்கறேன்னு அத்தனை நேரம் வெயில்ல நின்னீங்களே, நெஞ்சு வலிக்கலீங்களே?” என்றான்.

நான் இல்லை என்றேன். அவன் தூங்கும் வரை கையை விடுவித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பேசினானே அம்மா, என் ரேடியேட்டரைக் கழற்றியதற்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே அவனை நான் மன்னித்திருப்பேன்.