பின்பக்கம் அப்புறம் பாக்கலாம் சார்

இல்ல சார், அப்படி இழுத்தா வராது. கதவை லேசாத் தூக்கிட்டு, தோளால ஒரு தள்ளு தள்ளணும். ம், அப்படித்தான். மூணு கீல்ல ஒண்ணு போயிடுச்சு, மாத்தணும். அதையும் உங்க செலவுல சேத்துக்குங்க. நான் எதையும் மறைக்க மாட்டேன், மறைச்சுப் பேசறதுக்கு நான் புரோக்கர் இல்ல. சாவி என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். ஓனர் முந்தாநாள் ஃபோன் பண்ணி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவாரு, கொஞ்சம் திறந்து காட்டிடும்மான்னாரு. நீங்க பத்தரைக்கே வந்துட்டீங்க. பரவாயில்ல. கார்லயா வந்தீங்க? அதான பாத்தேன். பஸ்ஸுல வந்திருந்தா சட்டை இவ்வளவு மடிப்புக் கலையாம இருக்காது.

இதுதான் ஹால். சின்னதுதான். ஃபோட்டோல பெருசாத் தெரிஞ்சிருக்கும், ஃபோட்டோல எல்லாமே பெருசாத்தான் தெரியும். இந்தச் சுவத்துல கை வைங்க. வைங்க சார், கடிக்காது. ஜில்லுன்னு இருக்கா? ஓதம். மழை பெஞ்சா இந்த இடத்துல ஒரு படம் வரும். போன மழைக்கு யானை மாதிரி வந்துச்சு, தும்பிக்கை கூட இருந்துச்சு. வெள்ளையடிச்சா மூணு மாசம் தாங்கும். மேல ஓடு மாத்தினாத்தான் நிக்கும்னு கொத்தனார் சொல்றாரு. அவரு கேட்ட கூலிக்கு இன்னொரு ஹாலே கட்டிடலாம்.

அதுவா? சுத்தியல் சத்தம். பின்னாடி ஒருத்தர் வேலை பாக்குறாரு. ஒண்ணுமில்ல. பின்பக்கம் அப்புறம் பாக்கலாம் சார், இப்பப் போனா வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்.

தெரியும் சார், தோட்டத்தைப் பாக்கத்தான் வந்தீங்கன்னு. ஆனா தோட்டத்துலயா படுத்துத் தூங்கப் போறீங்க? முதல்ல வீட்டைப் பாருங்க. வாங்க, இது படுக்கை அறை. பத்தே கால் அடிக்கு ஒன்பது. கட்டில் போட்டா பீரோவுக்கு இடமில்ல. பீரோ போட்டா ஒரு ஆளு நின்னுக்கிட்டே தூங்கணும். கட்டிலைக் குறுக்க போட்டு, ஜன்னல் பக்கம் தலை வச்சா மட்டும் ரெண்டும் அடங்கும், பீரோ கதவு முக்கால்வாசி திறக்கும். முக்கால்வாசி போதும், புடவையா எடுக்க முடியாது?

அளந்திருக்கேன், அதான் தெரியும். சும்மா ஒருநாள் அளந்தேன்.

சமையலறைக்கு வாங்க. நீங்க இங்கயே வாசப்படிகிட்ட நில்லுங்க, ரெண்டு பேரு உள்ள நின்னா மூச்சு முட்டும். நான் நிக்கிற இடத்துல ஜன்னல் இருக்கு, ஆமா, பின்பக்கம் பாத்த ஜன்னல்தான். இருக்கட்டும், அதை அப்புறம் பாக்கலாம். இந்தக் குழாயைத் திருகறேன் பாருங்க. முதல்ல இருமும். இருமி முடிச்சிட்டு அரை நிமிஷம் செம்மண் கலர்ல வரும். அப்புறம் நல்ல தண்ணி. தண்ணியைப் பத்தி மட்டும் குறை சொல்ல மாட்டேன், பரிசோதனைக்குக் குடுத்து எழுதி வாங்கின பேப்பர் இருக்கு. ஆனா கோடையில கிணத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல மோட்டார் ஓடாது. அப்புறம் நாலு மணி நேரம் ஊற விடணும். அந்த மோட்டாரும் ரெண்டு தடவை காயில் கட்டினது.

பஸ்ஸு இங்கேருந்து ஒண்ணே கால் கிலோமீட்டர். கடைசி பஸ் ஏழு மணிக்கு. ஆஸ்பத்திரின்னா டவுனுக்குத்தான் ஓடணும். ஃபோன் சிக்னல் வேணும்னா கிணத்து மேடையில ஏறி நிக்கணும். கல்லு உடைக்கிற ஃபேக்டரி ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கு, காத்து திரும்புச்சுன்னா காயப்போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டியதுதான். பாம்பா? பாம்பை நான் பாத்ததில்ல. சட்டை உரிச்சுப் போட்டிருந்துச்சு, அதைத்தான் பாத்தேன்.

ஏன் சார் சிரிக்கிறீங்க?

இல்ல இல்ல, உங்களை விரட்டணும்னு இல்ல. ஐயோ. சரி, கொஞ்சம் இருக்கு. சத்தியமா கொஞ்சம்தான். நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது, ஆனா மூச்சு விடாம சொல்லிட்டேன் போல. இந்தப் பக்கெட்டைக் கவுத்துப் போடறேன், உக்காருங்க. என்னால உக்கார முடியாது, கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. காலைலேருந்து இந்த வீட்டுக்குள்ள நாப்பது தடவை நடந்துட்டேன்.

நாங்களும் இந்த வீட்டை வாங்கறதா இருந்தோம் சார். நானும் என் புருஷனும். அவரு லிஃப்ட் மெக்கானிக். நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சு ஃபிரேம்ல மாட்டுறவ. ஆறாவது மாடியில வாடகைக்கு இருக்கோம், பால்கனின்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு பூந்தொட்டி வச்சா மனுசன் நிக்க முடியாது. பத்தொன்பது வருஷமா ஊரையே மேல ஏத்தி இறக்கிட்டிருக்கேன், எனக்குத் தரையில ஒரு வீடு வேணும், காலை வெளிய வச்சா மண்ணுல படணும்பாரு. லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டா சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து ஓடுற மனுசன். அவரு கேட்ட ஒரே ஒரு பொருள் இது.

ஓனர் பல் டாக்டர், தெரியுமில்ல? அவரோட கிளினிக் இருக்கிற கட்டடத்து லிஃப்டு இவரு பாத்துக்கறதுதான். அப்படிப் பழக்கம். டாக்டருக்கு இது அவங்க அத்தை வழியில வந்த வீடு, பூட்டியே கிடந்துச்சு. இருபத்தெட்டு லட்சம் குடுங்க போதும்னாரு. எங்க சேமிப்பு பதினொண்ணு. என் நகை மூணுக்குப் போகும். மிச்சம் பதினாலு பேங்க் லோன். இதைத் தவிர பத்திரச் செலவு, வக்கீல், நிலம் அளக்கிறவர் கூலி. லோன் கைக்கு வர எட்டு மாசம் ஆகும்னோம். அவசரமில்ல, சாவியை வச்சுக்குங்க, அதுவரை வீட்டைப் பாத்துக்குங்கன்னாரு.

எழுதி வாங்கலதான். நீங்களும் அதையே கேக்கறீங்க, எங்க அண்ணனும் அதையேதான் கேட்டு என்னைக் காய்ச்சி எடுத்தான். வாங்கணும்னுதான் போனோம் சார். வெள்ளைப் பேப்பரு, பேனா எல்லாம் பையில. போன அன்னிக்குன்னு பாத்து எனக்குக் கடவாப்பல்லு வலி, கன்னம் வீங்கிக் கிடந்தேன். டாக்டர் பாத்துட்டு, உக்காரும்மான்னு நாற்காலில உக்கார வச்சு, பிடுங்கி, பஞ்சு வச்சு, காசு கூட வாங்கல. வாயில பஞ்சை வச்சுக்கிட்டு பத்திரம் எழுதிக் குடுங்கன்னு எப்படி சார் கேக்கறது? இவரு என்னைப் பாக்குறாரு, நான் இவரைப் பாக்குறேன். கும்பிடு போட்டுட்டு வந்துட்டோம். ஓசியில ஒரு பல்லு போச்சு, அதோட வீடும் போச்சு.

அப்போ பின்பக்கத்தை நீங்க பாத்திருக்கணும். ஆளுயர முள்ளு, அதுக்குள்ள உடைஞ்ச ஓடு, பாட்டிலு. கண்ணாடிச் சில்லு மட்டும் பதினோரு மூட்டை. எட்டு மாசமும் ஞாயித்துக்கிழமை தவறாம முதல் பஸ்ஸுல வருவோம், ஏழு மணி பஸ்ஸுல போவோம். அவரு வெட்டுவாரு, நான் அள்ளுவேன். எரு ஒரு டிராக்டர் லோடு. எலுமிச்சை அஞ்சு, கொய்யா ரெண்டு, வெண்டைக்காய், தக்காளி, அவரைக்குப் பந்தல், ஓரம் பூரா மல்லி. மோட்டார் காயில் நாங்கதான் கட்டினோம். யாரு வீட்டுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல பாருங்க. எங்க வீடுதானேன்னு இருந்துட்டோம்.

இவரு அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. வாராவாரம் ஃபோட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புவாரு. ஐயா, வெண்டை பூ விட்டிருச்சு. ஐயா, எலுமிச்சை பிடிச்சிருச்சு. சின்னப் பையன் ரேங்க் கார்டு காட்டற மாதிரி. டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாரு. அப்புறம் ஒருநாள், ரொம்ப நல்லா இருக்கே, மூலையிலேருந்து முழுசாத் தெரியற மாதிரி ஒண்ணு எடுக்க முடியுமான்னு கேட்டாரு. இவருக்குத் தலை கால் புரியல. பக்கத்துத் தோப்புல ஏணி வாங்கிட்டு வந்து, மேல ஏறி எடுத்தாரு. ஏணியை நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.

நீங்க விளம்பரத்துல பாத்தது அதைத்தான் சார். ஃபோன்ல இருக்கா? எடுங்க, எடுத்துப் பாருங்க. தக்காளிப் பாத்தி ஓரமா, ஏணிக் காலுக்குப் பக்கத்துல, ஒரு பச்சைச் செருப்பு தெரியுதா? இதோ, என் காலுல இருக்கு பாருங்க.

பத்து நாளைக்கு முன்னாடி டாக்டர் ஃபோன் பண்ணினாரு. இவருக்கு இல்ல, எனக்கு. தோட்டத்தோட இருக்கிற வீடு இப்ப முப்பத்தேழுக்குப் போகுதாம்மா, நான் என்ன பண்ண, எனக்கும் பிள்ளைங்க இருக்குன்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. பல்லு இப்ப எப்படி இருக்குன்னும் கேட்டாரு. ஒன்பது லட்சம் சார். நாங்க நட்ட செடியை நாங்களே ஒன்பது லட்சம் குடுத்து வாங்கணும். பேங்க்ல கேட்டேன், இவரோட சம்பளத்துக்கும் வயசுக்கும் பதினாலுக்கு மேல ஒரு பைசா வராதுன்னுட்டாங்க. விக்கிறதுக்கு என்கிட்ட வேற நகை இல்ல. எனக்கு அழுகை கூட வரல, கோபம்தான் வந்துச்சு. டாக்டர் மேல இல்ல, அந்த ஏணி மேல. பிடிக்காம விட்டுத் தொலைச்சிருக்கலாம்.

உங்க மேல எனக்கு என்ன கோபம்? நீங்க விளம்பரத்தைப் பாத்தீங்க, வந்தீங்க. உங்க வீட்டம்மாவுக்கு அந்தப் பந்தல் ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அவங்களுக்கு முதுகு வலியாமே, கார்ல இவ்வளவு தூரம் வர முடியலயாமே. வரட்டும், அப்புறம் வரட்டும். பந்தல் இப்ப இன்னும் நல்லா இருக்கு. எலுமிச்சைக்கு மட்டும் தூருல தண்ணி நிக்க விடாதீங்க. வாங்கினதும் முதல் வேலையா எல்லாத்தையும் வெட்டிட்டு சிமெண்ட் போடறவங்க இருக்காங்க, நீங்க அப்படி இல்லல்ல? சரி. சரி சார்.

சுத்தியல் நின்னுடுச்சு. சார், உக்காருங்க, ஒரு நிமிஷம், நான் வேகமாச் சொல்லிடறேன்.

முந்தாநாள் டாக்டர்கிட்ட ஃபோன்ல, வரச் சொல்லுங்க, நானே இருந்து வீட்டைக் காட்டறேன்னு சொல்லிட்டிருந்தேன். இவரு குளிச்சிட்டு துண்டோட வந்து நின்னாரு. யாரு, வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க்லேருந்து வர்றாங்களான்னு கேட்டாரு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நான் தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான் சார் நான் பண்ணினது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, தலையை மட்டும்தான் ஆட்டினேன். இவரு லீவு போட்டுட்டு, காலைல முதல் பஸ்ஸுக்கே என்னையும் இழுத்துட்டு வந்து, பந்தலுக்குப் புதுக் கம்பு அடிச்சிட்டிருக்காரு. பேங்க்காரர் பாத்தா மதிப்பு கூடும்னு.

பத்து நாளா சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. இன்னிக்குச் சாயங்காலம் பஸ்ஸுல போறப்ப சொல்லிடறேன், நிச்சயமா சொல்லிடறேன். இந்தத் தோட்டத்துக்குள்ள வச்சுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல சார்.

இப்ப கை கழுவிட்டு வருவாரு. உங்களைக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு செடியா காட்டுவாரு, என்னிக்கு வச்சது, எத்தனை காய் காய்ச்சுச்சுன்னு எல்லாம் ஒப்பிப்பாரு. உங்களுக்கும் அதைக் கேக்கறது நல்லதுதான், இந்தத் தோட்டத்தைப் பத்தி வேற யாரும் அவ்வளவு சொல்ல முடியாது. நீங்க பேங்க்லேருந்து வர்றேன்னு பொய் சொல்ல வேண்டாம். அவரு கேக்க மாட்டாரு. உங்க கையில இருக்கிற நோட்டுல ஏதாவது எழுதிக்கிற மாதிரி எழுதிக்குங்க. நல்லா இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அது பொய் இல்லையே சார்?

இதோ வந்துட்டாரு. வாங்க சார், இப்ப பின்பக்கம் பாக்கலாம்.