சாவி வாயில், கை உள்ளே

அன்று அந்த மேசையைச் சுற்றி அதிகம் பேர் இல்லை. யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். என் மகன், மருமகள். மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி. எங்கள் பட்டறையில் முன்பு வேன் ஓட்டிய டிரைவர். அவன் மகள், ரோபோ அணியின் கேப்டன். மடிக்கணினியோடு ஒரு பெண், நெட்டை என்று கூப்பிடுவார்கள். என் பேத்தி. பிறகு நான். சம்பந்திக்கு மட்டும் கைவைத்த நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். போட்டிருந்தார்கள்.

என் பேத்தி அணியில் சேர்ந்த நாளிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பள்ளிப் பையைக்கூட இறக்காமல் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"தாத்தா, என்னைச் சேத்துக்கிட்டாங்க. நாப்பது பேர் வந்திருந்தாங்க, தெரியுமா?"

"யார் சேத்துக்கிட்டது?"

"கேப்டன்தான். கேள்வி எல்லாம் அவதான் கேட்டா. உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான் தாத்தா. நம்ம டிரைவர் மாமா பொண்ணு."

எங்கள் வீட்டுப் பெண்ணைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று எங்கள் டிரைவரின் மகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். சந்தோஷம் என்றேன். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் எங்கள் பட்டறை மூடிக் கிடந்தது. அதையே அவர்கள் வேலை செய்யத் திறந்துவிட்டேன். பெருந்தன்மை இல்லாதவன் அதைச் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த இயந்திரம் சக்கரத்தில் ஓடும். முன்னால் ஓர் இரும்புக் கை. பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்புச் சாவி இருந்தது. அதை உருவினால் மின்சாரம் நிற்கும், மேலே உள்ள விளக்கும் அணையும். உள்ளே கை விட்டு வேலை செய்கிறவர் அந்தச் சாவியைத் தன் வாயில் கடித்துக்கொள்ள வேண்டும். கை இரண்டும் வேலையில் இருக்கும், வேறு யாரும் சாவியை எடுத்துச் செருகிவிட முடியாது. இது கேப்டன் போட்ட சட்டம். "சாவி வாயில, கை உள்ள" என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். அந்த நம்பிக்கையில் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. ஒருத்தி உள்ளே கை விட்டிருக்கும்போதே நெட்டை கணினியிலிருந்து புதிய நிரலை ஏற்றுவாள். அதற்குத் தனியாக ஒரு சின்ன மின்கலம் உண்டு. நிரல் ஏறியதும் இரும்புக் கை தன் பழைய இடத்துக்கு மடங்க வேண்டும். சாவி வெளியே இருப்பதால் மடங்காது. நேரம் மிச்சம்.

அணியில் என் பேத்திக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரையும் பட்டப்பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. "சுண்டெலி, அந்த ஸ்பேனரை எடு" என்று கேப்டன் சொல்வாள். இவள் ஓடுவாள், சிரித்துக்கொண்டே ஓடுவாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை பட்டறைக்குள் போனேன். இயந்திரத்துக்குள் ஓர் ஒயர் தொய்ந்து கிடந்தது. பழக்க தோஷம், சரிசெய்யக் கை நீட்டினேன்.

"தாத்தா, கையை எடுங்க. சாவி வாயில இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது."

கேப்டன்தான் சொன்னாள். அவள் அப்பா என்னை ஐயா என்பான். இவள் தாத்தா என்றாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

"எனக்குமா அம்மா சட்டம்?" என்றேன்.

"எல்லாருக்கும்தான் தாத்தா. இந்தாங்க, நல்லாக் கடிச்சுக்கோங்க. பல்செட்டு பத்திரம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் பேத்தியும் சிரித்தாள். என் பட்டறையில், என் முன்னோர் படத்துக்குக் கீழே, அந்தச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். மகளை அழைத்துப் போக வந்திருந்த டிரைவர் வாசலில் நின்றான். அவன் சிரித்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான் மனிதர்கள் அப்படிக் குனிவார்கள்.

அன்றே முடிவு செய்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சூடு போதும், வேறு எண்ணம் எனக்கு இல்லை. நான் பார்த்த நாளெல்லாம் உள்ளே கை விட்டவள் அவள்தான்.

எதையும் சோதிக்காமல் செய்கிறவன் அல்ல நான். பிள்ளைகள் போட்டிக்குச் சட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில், இரும்புக் கையின் மடிப்பில் ஒரு விளக்குமாற்றுக் கட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தேன். முறிந்தது. கட்டை வேறு, மனிதக் கை வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாளில் நடுவர்கள் இயந்திரத்தைப் பரிசோதித்து முடித்தார்கள். தொடக்க விழாவுக்கு எல்லோரும் மேடைப் பக்கம் போனார்கள். "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். கேப்டன் எனக்கு நன்றிகூடச் சொன்னாள். சாவி செருகும் இடத்தைத் தாண்டி மின்சாரம் ஓடும்படி உள்ளே ஓர் ஒயரை இணைத்தேன். சாவியை உருவினால் விளக்கு அணையும், மின்சாரம் நிற்காது. முனையை மெழுகு நூலால் கட்டினேன். அவசர வேலையிலும் முனையை அம்போவென்று விட எனக்கு மனம் வராது.

முதல் சுற்றில் வென்றார்கள். இரண்டாவது சுற்றுக்கு முன் இரும்புக் கையின் அடியில் ஒரு நட்டு விழுந்துவிட்டது. எல்லோரும் மேசையைச் சூழ்ந்திருந்தார்கள்.

"உங்க பேத்தி என்ன பண்றா சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தி. "நானும் காலையிலிருந்து பாக்கறேன், டப்பா தூக்கறா. டிரைவர் பொண்ணு அதிகாரம் பண்றா. காலம் நல்லாத்தான் மாறியிருக்கு."

நான் புன்னகை செய்தேன். இன்னும் சற்று நேரம் என்று நினைத்தேன்.

கேப்டன் சாவியை உருவிக் கடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. வெளியே எடுத்துவிட்டாள். சாவியைத் தன் சட்டையில் துடைத்து நீட்டினாள்.

"சுண்டெலி, நீ வா. இந்தச் சந்துல உன் கைதான் போகும்."

நெட்டை வழக்கம்போல் நிரலை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

என் பேத்தியின் வாயில் சாவி இருந்ததால் சத்தம் அதிகம் வரவில்லை. அந்த இரும்பை வெறும் கையால் விரித்தவள் கேப்டன். அவள் உள்ளங்கை கிழிந்தது. பேத்திக்கு வலது கையில் இப்போது பெருவிரலும் அதன் பக்கத்து விரலும் இருக்கின்றன. பென்சில் பிடிக்கப் பழகுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. வயதுக் கோளாறு, சரியாகிவிடும்.

முதலில் பழி கேப்டன் மேல்தான் விழுந்தது. பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நான் மறுக்கவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. பிறகு ஆசிரியர் இயந்திரத்தைப் பிரித்து அந்த ஒயரை எடுத்தார். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, அந்த முடிச்சு நம்ம பட்டறை முடிச்சு" என்றான். "வேன்ல நான் ஏத்தின ஒவ்வொரு மோட்டார்லயும் பாத்திருக்கேன். எம் பொண்ணு கைக்குன்னு வச்சதா ஐயா?"

இருபது வருடத்தில் அவன் என்னை முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. தொழில் தெரிந்தவனிடம் பொய் சொல்வது மரியாதை அல்ல. ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

கடைசியாக ஒன்று. எனக்குக் கண் மங்கிவிட்டது, உள்ளே போனது யார் கை என்று எனக்குத் தெரியவில்லை என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். என் மகன் வக்கீலிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறான். அது உண்மை அல்ல. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சாவியை வாங்கியதைப் பார்த்தேன். வளையலைக் கழற்றி மேசையில் வைத்ததைப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டதையும் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.