மாலேயில் தொலைய முடியாது

பனி கொட்டும் வடதேசத்து நகரமொன்றில், எல்லிங்ஸ்ருட் என்ற புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். சப்பாத்துகளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. சிவப்புத் தொப்பி போட்ட இளையவள் திடீரென்று சொன்னாள்:

“அந்தத் தலைநகரத்திலை ஒருத்தரும் துலைஞ்சு போகேலாது, அக்கா.”

“எது, மாலைதீவிலையோ?”

“ஓம், மாலே. ஊரே ஒரு சின்னத் தீவு. பழைய கோட்டை மதிலை இடிச்சு, கடலை நிரப்பித்தான் இவ்வளவாவது பெருப்பிச்சவையாம். கரையாலை நடந்தா ஒரு பின்னேரத்திலை சுத்தி முடிக்கலாம்.”

“குளிருமோ?”

“வருசம் முழுக்க வெக்கை, இல்லாட்டி மழை. ஊரிலை இருக்கிற தம்பிக்கு இஞ்சை வர விசா இல்லை, எனக்குக் கொழும்புக்குப் போகப் பயம். அங்கை எண்டா ரெண்டு பேருக்கும் இறங்கின உடனை விசா குத்துவினம்.”

“சரி, அவனை எங்கை சந்திப்பாய்?”

“இடம் சொல்ல முன்னம் ஃபோன் கட்டாகிப் போச்சு. பிறகு லைனே கிடைக்கேல்லை. பரவாயில்லை. அவனும் கரையாலை நடப்பான், நானும் நடப்பன். எப்பிடியும் எதிர்ப்படுவம்.”

மூத்தவள் யோசித்தாள்.

“நீ எந்தப் பக்கமாச் சுத்துவாய்?”

“வலமாத்தான். கோயில் சுத்திற மாதிரி.”

“அவன்?”

இளையவள் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாள்.

“அவனும் வலமாத்தான்.”

“அப்ப ஆளுக்குப் பின்னாலை ஆளாச் சுத்திக்கொண்டே இருப்பியள்!”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மூத்தவள், “ஒராள் ஒரிடத்திலை நிக்க வேணும்” என்றாள்.

“நான் நிக்கிறன், அக்கா. ஊரை விட்டு ஓடினது நான்தானே.”