ஒரே இழுப்பில் திறக்கும் பக்கிள்

“வருஷத்துக்கு ஒரு சட்டமாய்யா? முந்தா வருஷம் ஹெல்மெட்டு. போன வருஷம் இடுப்பு வாரு. இப்ப வாரு சரி, பக்கிள் சரியில்லையாம். அடுத்த வருஷம் கோமணத்துக்கும் சீல் வைப்பாரா உங்க செல்லக்கண்ணு?”

“மெதுவாப் பேசுங்க ராசப்பன். வெளியதான் நிக்கிறாரு.”

“கேக்கட்டுமே. அவரு காதுல விழத்தானே பேசறேன்.”

செல்லக்கண்ணு நான்தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மோட்டார் சங்கம் கூடும் கட்டடத்தின் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கிரீஸ் கைக்குச் சீயக்காய்த் தூள்தான் சரி. அவசரப்படாமல் தேய்த்தேன். எனக்குச் சட்டென்று கோபம் வராது. சத்திரம் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் எல்லாரிடமும் கோபித்துக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது.

இது 1963-ல். உள்ளே சத்தம் போட்டவர் ராசப்பன், மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்தவர். சமாதானம் சொன்னவர் சங்கத்துச் செயலாளர் பிச்சமுத்து. வையம்பட்டிப் பக்கம் சண்டைக்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் வருஷம் ஒரு கார்ப் பந்தயம் நடத்துவோம். யாருக்கும் அது தொழில் இல்லை, ஆசைதான். வண்டிகளைச் சோதித்து ‘ஓடலாம்’ என்று சொல்வது என் பொறுப்பு. மதராஸ் மோட்டார் சங்கத்தில் விதி மாறினால் இங்கேயும் மாற்றச் சொல்வதும் நான்தான்.

இடுப்பு வார் அப்போது எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஜட்கா குதிரைக்கு வார் தைக்கிறவரிடமே தைத்துக்கொண்டோம். பக்கிளும் குதிரைப் பக்கிள்தான், துளைக்குள் ஊசி நுழைகிற வகை. அதை அவிழ்க்க வேண்டுமானால் முதலில் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுக்க வேண்டும். கார் கவிழ்ந்து ஆள் தலைகீழாகத் தொங்கினால் அது முடியாது, அவர் எடையே வாரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே இழுப்பில் திறக்கும் பக்கிள் வேண்டும் என்று புது விதி வந்தது. நல்ல விதி. ராசப்பன் செய்த கேலியில் கமிட்டியே சிரித்தது. பந்தயம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

ராசப்பனும் பந்தயத்தில் ஓட்டுகிறவர். பந்தயத்தன்று காலையில் அவர் மனைவி வள்ளிக்கண்ணு மஞ்சள் கயிறோடு வந்தாள்.

“அண்ணே, சமயபுரத்துல அம்மன் காலடியில வச்சு எடுத்தாந்த கயிறு. இவரு வாருல கட்டிக்கலாமா? உங்க சட்டத்துல இடம் உண்டா?” என்று சிரித்தாள்.

“தாராளமாக் கட்டும்மா,” என்றேன்.

வாரின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம். கடைசியாக வாரை இறுக்கிப் பார்க்கிறவன் நான். கயிற்றை அவிழ்த்து, பக்கிள் ஊசியின்மேல் நெருக்கமாகச் சுற்றி, முடிச்சை அடியில் தள்ளிவிட்டேன்.

“என்ன மச்சான், கல்யாணப் பொண்ணுக்குப் புடவை கட்டுற மாதிரி இந்த இழு இழுக்கறீங்க?” என்றார் ராசப்பன்.

“சட்டம், மாப்பிள்ளை,” என்றேன். அவரும் சிரித்தார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பந்தயம் முடிந்ததும் சீட்டை விட்டு எழ முடியாமல் எல்லார் முன்னாலும் முழிக்கட்டும், கமிட்டி பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நான் நின்ற வளைவிலேயே அவர் டயர் வெடித்தது. கார் புரண்டு தலைகீழாக நின்றது. முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் தொங்கியபடி பக்கிளை நோண்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், வர மாட்டேங்குது. சீக்கிரம்,” என்றார்.

ரப்பர் குழாய் அறுக்கும் கத்தி என் பையில் இருந்தது. கையும் பைக்குள் போய்விட்டது. அப்போதுதான் யோசித்தேன். நான் அறுத்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் இவர் என்ன சொல்வார்? ‘புது பக்கிள் எதுக்குய்யா, ஆளுக்கு ஒரு கத்தி போதும்’ என்பார். கமிட்டி மறுபடி சிரிக்கும். விதி அதோடு போய்விடும். அடுத்த வருஷம் வேறொருவர் தொங்குவார்.

கையை வெளியே எடுத்தேன். பின்னால் ஓடி வந்தவர்களைப் பார்த்து, “பெட்ரோலு, யாரும் கிட்ட வராதீங்க,” என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் பற்றிக்கொண்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் எதிர்ப்பே இல்லாமல் விதி நிறைவேறியது. பிச்சமுத்து அழுதுகொண்டே முதலில் கை தூக்கினார்.

காரியம் எல்லாம் முடிந்து வள்ளிக்கண்ணு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். “நான் கட்டுன கயிறு சிக்கித்தான் வரலைன்னு பேசிக்கிறாங்களே, நெசமாண்ணே?” என்று கேட்டாள். “அம்மன் விட்ட வழிம்மா,” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அவள் மனசு இன்னும் நொந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கே போவதில்லையாம்.

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பந்தயத்தில் ஒரு உயிர் போகவில்லை. இரண்டு கார் கவிழ்ந்தது. இரண்டு பேரும் ஒரே இழுப்பில் வெளியே வந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். இதையும் கணக்கில் வைத்துத்தான் என்னை எடைபோட வேண்டும்.

இப்போது ஹெல்மெட் விதி மாறியிருக்கிறது. பழைய தோல் தொப்பி கூடாது என்கிறேன். ராசப்பனுடைய தம்பி வெள்ளைச்சாமி, “எங்கண்ணன் செத்தது தலையிலயா அடிபட்டு?” என்று கூட்டத்தில் கேட்டான். பந்தயம் முடிந்து பார்க்கலாம் என்று இந்தத் தடவையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அவனும் இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறான். அவன் வண்டியையும் நான்தான் சோதிக்க வேண்டும்.

ஆகையால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். தை மாதம் பந்தயம். அதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கும்படி எழுதுங்கள்.