ஒரு காலைக்கு ஒரு பொத்தான்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஊசிமுனையில் குடும்பங்களைக் கரைசேர்த்த பெரியவர்களே, தாய்மார்களே, என் தையல் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்!

முன்வரிசையில் ஒரு தம்பி கழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சைகை காட்டுகிறார். தெரியும் தம்பி, என் காலர் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. தையற்காரன் சட்டையே இப்படியா? பொறுங்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் கடையில் காஜா எடுத்தவள் என் மனைவி. பொத்தான் துளையைச் சுற்றி அவள் நூலோட்டினால் துணி கிழிந்தாலும் காஜா கிழியாது! இரண்டாண்டுக்கு முன் பக்கவாதம் வந்து அந்த வலக்கை விழுந்துவிட்டது. மறுபடி ஊசி பிடிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

நான் என்ன செய்தேன்? அன்பென்று நினைத்து அறிவிழந்தேன்! அவள் உடைகளின் பொத்தான்களையெல்லாம் பிரித்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்தேன். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். ஒருநாள் அழுதுவிட்டாள்.

"என் கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலையே நீங்க. அது எப்படிங்க பழகும்?"

மறுநாள் காலை, என் சட்டையில் வயிற்றுக்கு நேரான பொத்தானை மட்டும் போடாமல் அவள் முன் போய் நின்றேன். ஏன் சட்டை? சட்டை போடாமல் நான் கடைக்குப் போக முடியாதே! தவறாத வேலையோடு சேர்த்துவிட்டால் புதுப் பழக்கமும் தவறாதல்லவா? முதல் நாள் ஒரு பொத்தானுக்கு அரைமணி நேரம். விரல் நழுவும், வியர்வை வழியும். நான் விட்டத்தைப் பார்த்தபடி நிற்பேன்.

ஒரு காலை, "இன்னைக்கு வேணாங்க, கை வரல" என்றாள்.

"சரி, இப்படியே போறேன்."

"பாக்கறவங்க சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். யாரு இப்படி அனுப்பினதுன்னு கேட்டா, என் பொண்டாட்டின்னு சொல்லிடறேன்."

திட்டிக்கொண்டே போட்டாள்! சிரிக்காதீர்கள் அக்கா, உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பெரிய கனவுக்குப் பெரிய சபதமா வேண்டும்? இல்லை! முரசறைந்த முழக்கமா வேண்டும்? இல்லை! காலைதோறும் கைக்கெட்டும் ஒரு சின்ன வேலை, அது முடியும்வரை காத்து நிற்க ஒரு மனிதர், அது போதும் தோழர்களே!

இன்று காலை ஐந்து பொத்தானையும் முதன்முறையாக அவளே போட்டாள். மேல் பொத்தான் துளை மாறி, காலர் ஏறிக்கொண்டது. வாசலில் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, கழட்டுங்க, மாத்திப் போடறேன்."

"நாளைக்குப் போடு."

"நாளைக்கு எனக்கு ஊசி வேணும்" என்றாள்.

அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். தம்பி, இந்தக் காலரை நான் நேராக்கப் போவதில்லை. என் வாழ்நாளில் இத்தனை அழகான சட்டையை நான் போட்டதில்லை. கோணல் சட்டைக்காரன் பேச்சைக் கோணாமல் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்!