ஆறு வாரத்துக்குள் நிமிர வேண்டும்

— கட்டிலுக்கு அடியில என்னக்கா தேடுற? எழுந்திரு. எக்சர்சைஸ் சொல்லித் தர்ற டீச்சர் பார்த்துட்டு நிக்கிறாங்க.

— சத்தம் போடாத சின்னவளே. அடியில வரிசையா ஸ்பிரிங் இருக்கு, அதுல ஒண்ணு கீச்சுகீச்சுன்னு கத்துது. ஏங்க டீச்சர், இதுக்கு எண்ணெய் காட்டி எத்தனை நாளாச்சு?

— இதுவரைக்கும் யாருமே அதைக் கேட்டதில்லைங்க. வர்றவங்க எல்லாம் எத்தனை கிலோ குறையும்னுதான் கேப்பாங்க. நீங்க மெக்கானிக்குங்களா?

— தையக்காரிங்க. முப்பது வருஷமாச்சு. என் முதுகைப் பார்த்தா தெரியலையா? காஜா எடுக்கக் குனிஞ்சவ, இன்னும் நிமிரல.

— நான் இவளோட தங்கச்சிங்க. மருந்துக் கடையில இருக்கேன். எங்க கடையில வலித் தைலம் விக்கிறதுல பாதி இவ முதுகுக்குத்தான் போகுது. நான்தான் இன்னைக்கு இழுத்துட்டு வந்தேன்.

— இழுத்துட்டு வந்தாளாம்! காலையில ஆறு மணிக்கு வந்து உன் கதவைத் தட்டினது யாருடி?

— அதுதான் எனக்கும் புரியல. அஞ்சு வருஷமா கெஞ்சினேன், அசையல. இப்ப திடீர்னு என்ன வந்துச்சு உனக்கு?

— ஒரு கல்யாண ஆர்டர்டி. ஆறு வாரத்துல முடிக்கணும். டீச்சர், ஒளிக்காம சொல்லுங்க. ஆறு வாரத்துல இந்த முதுகு நிமிருமா? துணியில சில மடிப்பு விழுந்தா எத்தனை தேய்ச்சாலும் போகாது. இது அந்த ரகமா?

— முழுசா நிமிரும்னு பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா இப்ப நிக்கிறதை விட நல்லா நிப்பீங்க. அதுக்கு முன்னாடி எந்த வகுப்புன்னு முடிவு பண்ணுவோம், சரிங்களா? இந்த எக்சர்சைஸுக்கு பிலாட்டிஸ்னு பேரு ஒண்ணுதான், விதம் வேற வேற. இந்தக் கட்டிலுக்கு ரிஃபார்மர்னு பேரு. படுத்துக்கிட்டு காலால தள்ளணும், ஸ்பிரிங் உங்களைத் தாங்கிக்கும். அந்தப் பக்கம் வெறும் விரிப்பு, தரை, உங்க உடம்பு, அவ்வளவுதான். அதுலயும் ரெண்டு உண்டு. பழைய முறையில எப்பவும் ஒரே வரிசை, யாருக்காகவும் மாத்த மாட்டோம். புது முறையில ஆளைப் பார்த்து மாத்திக் கொடுப்போம்.

— ஒண்ணு ரெடிமேட், இன்னொண்ணு அளவெடுத்துத் தைக்கிறது. அப்படிச் சொல்லுங்க, புரியுது.

— அட! நாளையில இருந்து எல்லாருக்கும் நான் இப்படியே சொல்லிக்கிறேங்க.

— இவளுக்குக் கட்டில்தான் டீச்சர் சரி. படுத்துக்கிட்டே செய்யலாம்னா எனக்கும் ஒண்ணு போடுங்க.

— முதல்ல அக்கா படுத்துப் பார்க்கட்டும். அந்தக் கம்பியில ரெண்டு பாதத்தையும் வையுங்க. இப்ப தள்ளுங்க... ஏங்க, ஏங்க, மெதுவா! எதுக்கு இவ்வளவு வேகம்? வலது காலால மட்டும் மிதிக்கிறீங்க!

— ஐயோ அக்கா! கட்டில் தடதடன்னு ஓடுது. என்ன, சட்டைக்கு ஓரம் அடிக்கிறியா?

— காலு என் பேச்சைக் கேக்கலடி! அடியில கம்பி தட்டுப்பட்டா அது பாட்டுக்கு மிதிக்குது. சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வருது, விழுந்துடப் போறேன்!

— பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன். இறங்குங்க. இந்தக் கட்டில் இப்படி ஒரு ஓட்டம் ஓடி நான் பார்த்ததே இல்லைங்க.

— உன் மெஷின்காரர் இங்க இருந்திருந்தா இதுக்கும் ஒரு மோட்டார் மாட்டி விட்டிருப்பார்.

— அவரை எதுக்குடி இழுக்கிற?

— ஏன் இழுக்கக் கூடாது? வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட வந்த மனுஷன், இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றார். உன் தையல் மெஷினுக்கு அப்படி என்னதான் சீக்கு?

— பழைய மெஷின். பார்த்துக்கணும்ல. டீச்சர், அந்த விரிப்பைக் காட்டுங்க.

— அது கொஞ்சம் கஷ்டங்க. தாங்குறதுக்கு ஸ்பிரிங் இருக்காது.

— இருக்கட்டுங்க. ஒரு மெஷினுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சதே போதும். இன்னொண்ணு வேண்டாம். தரையிலயே படுத்துக்கிறேன்.

— சரிங்க. முட்டியை மடக்குங்க. கண்ணை மூடிக்கலாம். நல்லா மூச்சை இழுத்து விடுங்க... நீங்க மூச்சே விடலையேங்க.

— விடுறேனே.

— இல்லைங்க. உங்க வயித்து மேல கை வெச்சிருக்கேன், அசையவே இல்லை.

— அது... நேர்த் தையல் போடும்போது மூச்சைப் பிடிச்சுக்குவேன். விட்டா கோடு கோணிப் போகும். அப்படியே பழகிட்டேன் போல. மெஷினை விட்டு எழுந்த பிறகும் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். எப்ப இருந்துன்னுகூட தெரியல.

— எனக்குத் தெரியும்க்கா. அம்மா போன நாள்ல இருந்து. என்னைப் படிக்க வெச்ச, கட்டிக் கொடுத்த, பிரசவம் பார்த்த. ஒரு நாள்கூட நீ பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்ல.

— ஆரம்பிச்சுட்டா பாருங்க. மூக்கைத் துடைடி, டீச்சரோட விரிப்பு நனைஞ்சுடும்.

— மூச்சை விடுங்க. கோணினா கோணட்டும். இங்க யாரும் பிரிச்சுத் தைக்கச் சொல்ல மாட்டோம்.

— ஹா...

— இன்னும் ஒண்ணு.

— ஹாஆஆ... சின்னவளே, என் இடுப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கை நுழையற இடம் இருந்துச்சுடி. இப்ப விரல்கூட நுழையல. தொட்டுப் பாரு!

— ஆமாக்கா! ஏய், ஆமா!

— இதுதாங்க உங்க வகுப்பு. அளவெடுத்துத் தைக்கிறது. வாரத்துல மூணு நாள், காலையில ஏழு மணி. இப்ப மெல்ல எழுந்து சுவரோட சாஞ்சு நில்லுங்க. தோளை அப்படியே விடுங்க. பார்த்தீங்களா?

— அம்மாடி! நீ என்னை விட உயரம்னு எனக்கு மறந்தே போச்சேக்கா!

— எனக்கும்தான்டி.

— அந்தக் கல்யாணப் பொண்ணு நல்லா இருக்கட்டும். நான் கெஞ்சி நடக்காததை அவ நடத்திட்டா.

— அவளும் லேசுப்பட்டவ இல்ல. கூன் போட்டுக்கிட்டேதான் நிப்பா. நிமிர்ந்து நிக்கட்டும், அப்புறம் அளவெடுக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். துணியில இன்னும் கத்திரி வெக்கல.

— இன்னும் அளவே எடுக்கலையா? ஆறு வாரம்தானே இருக்கு! எப்பதான் எடுக்கப் போற?

— இப்பவே. என் பையில இஞ்ச் டேப் இருக்கு பாரு, எடு. கல்யாணத் துணியை மெஷின்காரரே வாங்கிக் கொடுத்துட்டார். நான் இப்படியே நிக்கிறேன், அளவை நீ எடு.